வலி மருந்தும் மயக்க மருந்தும்: நோயாளிக்குப் பக்கத்துணையாக இருப்பவர்களுக்கு

குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதை என்று கேட்டால் நம்மில் பலர் சற்று யோசிப்போம். அது அபின் செடியின் விதைதான். நான் மேற்கு ரயில்வேயின் ரத்லாம் டிவிஷனில் சிக்னல் பிரிவில் இருந்த நாட்களில், மந்த்ஸோர், நீமச் பகுதியில் மாசி மாதம் வந்தால் லைனை ஒட்டிய வயல்களில் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். மத்திய அரசின் போதைப்பொருள் துறை லைசென்ஸ் கொடுத்த விவசாயிகள் மட்டுமே பயிரிடலாம். பூ உதிர்ந்தபின் பச்சைக் காயை மாலை வேளையில் கீறி விடுவார்கள். இரவெல்லாம் பால் வடிந்து காயின் மேலேயே கெட்டியாகும். மறுநாள் காலையில் சுரண்டி எடுத்துச் சேர்த்து, கடைசியில் எடைபோட்டு அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். நீமச்சிலும் உத்தரப் பிரதேசத்துக் காஜிப்பூரிலும் அதற்கான அரசுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்தப் பாலிலிருந்து பிரித்தெடுப்பதுதான் மார்ஃபின். 1800களின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்துக்கடை உதவியாளர் அதை முதலில் பிரித்தெடுத்து, கிரேக்கர்களின் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரை வைத்தார்.

நான் டாக்டர் அல்ல. சிவில், எலெக்ட்ரிகல் என்று பிள்ளைகள் சேர்ந்த காலத்தில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் சேர்ந்து, சிக்னலும் ரிலேயும் பார்த்தே ஓய்வு பெற்றவன். இருந்தும் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. பரோடாவில் எங்கள் வீட்டிலேயே இருந்த மாமியாருக்கு 84 வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. அது முடிந்த மறு வருடம் என் அக்கா வீட்டுக்காரருக்கு, நாங்கள் அத்தான் என்று அழைப்பவருக்கு, கணையத்தில் புற்றுநோய் வந்தது. இரண்டு பேருக்கும் பக்கத்துணையாக ஆஸ்பத்திரியில் படுத்தவன் நான். டாக்டர் ஒரு நாளைக்கு இரண்டு முறை வந்து ஐந்து நிமிடம் நிற்பார். மீதி நேரமெல்லாம் நர்ஸும் நாமும்தான். ஆகவே நர்ஸுகள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதில் நம் குடும்பங்களுக்கு உபயோகப்படும் என்று தோன்றியதை எழுதுகிறேன். மருந்தின் அளவு, வேளை எல்லாம் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதலில் இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை என் பாஷையில் சொல்லிவிடுகிறேன். உடம்பின் நரம்பை சிக்னல் கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் அடிபட்டால் அந்தச் செய்தி கேபிள் வழியாக முதுகுத்தண்டுக்குப் போய், அங்கிருந்து மூளை என்ற கண்ட்ரோல் ரூமுக்குப் போகிறது. பல் பிடுங்கப் போடும் ஊசியும், இடுப்புக்குக் கீழே ஆபரேஷன் செய்ய முதுகில் போடும் ஊசியும் கேபிளையே கொஞ்ச நேரத்துக்குத் துண்டித்துவிடுகின்றன. செய்தியே போகாது. மார்ஃபின், ஃபென்டனில், ட்ரமடால் போன்ற அபின் வகை மருந்துகள் வேறு விதம். செய்தி போகும், ஆனால் முதுகுத்தண்டிலும் கண்ட்ரோல் ரூமிலும் அடிக்கும் மணியின் சத்தத்தைக் குறைத்துவிடும். ‘வலி இருக்கிறது, ஆனால் தூரத்தில் இருக்கிறது’ என்று நோயாளிகள் சொல்வது இதனால்தான். முழு மயக்கம் என்பது கண்ட்ரோல் ரூமையே தற்காலிகமாக மூடி வைப்பது.

சிக்கல் என்னவென்றால், மூச்சு விடச் சொல்லும் பிரிவும் அதே கண்ட்ரோல் ரூமில்தான் இருக்கிறது. ரத்தத்தில் கரியமிலவாயு கூடினால் ‘மூச்சை இழு’ என்று உத்தரவு போடுவது அந்தப் பிரிவு. மார்ஃபின் அளவுக்கு மிஞ்சினால் அந்தப் பிரிவுக்கும் தூக்கம் வந்துவிடும். நோயாளி வலியில்லாமல் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அவரோ மெல்ல மெல்ல மூச்சைக் குறைத்துக்கொண்டிருப்பார்.

இதற்காகத்தான் நர்ஸ் வந்து கையைப் பிடிக்காமல், பேச்சும் கொடுக்காமல், கடிகாரத்தைப் பார்த்தபடி நோயாளியின் மார்பையே ஒரு முழு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்பார். நம் ஆட்களுக்கு அது சும்மா நிற்பதுபோலத் தோன்றும். அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 10க்கு இறங்கினால் கவனம்; 8 என்றால் ஆபத்து. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பும், ஏனென்றால் மார்ஃபின் மூச்சு ஒரே சீராக இருக்காது. எங்கள் துறையில் ‘ஷார்ட் கட்’ எடுத்தவன் பெயர் விசாரணை அறிக்கையில் வரும் என்பார்கள். நர்ஸ் வேலையிலும் அப்படித்தான்.

மூச்சு குறைவதற்கு முன்னாலேயே வரும் எச்சரிக்கை ஒன்று உண்டு. அளவுக்கு மிஞ்சிய மயக்கம். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பதில் சொல்லிவிட்டு மறுபடி தூங்கினால் பரவாயில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது வாக்கியத்தின் பாதியில் தூங்கிவிழுந்தால் அடுத்த வேளை மருந்து கொடுக்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். தோளைப் பிடித்து உலுக்கியும் எழவில்லை என்றால் அப்போதே ஆளைக் கூப்பிட வேண்டும். கண்மணி குண்டூசித் தலைபோலச் சுருங்கியிருப்பதும் ஓர் அடையாளம். ‘பாவம், ரெண்டு நாளா தூங்கலே, எழுப்பாதீங்க சிஸ்டர்’ என்று நாம் தடுப்பது உண்டே, அதைச் செய்யவே கூடாது. குறட்டையும் அப்படி. புது மாதிரியாக, இடையிடையே நின்று நின்று வரும் குறட்டை நல்ல தூக்கத்தின் அறிகுறி அல்ல; மூச்சுக்குழாய் அடைபடுகிறது என்று அர்த்தம். வீட்டில் ஏற்கெனவே பலமாகக் குறட்டை விடுகிறவர் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தினமும் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், மது பழக்கம் உள்ளவர்களும் வெட்கப்படாமல் சொல்லவேண்டும். மார்ஃபினோடு அவை சேர்ந்தால் இரட்டிப்பு மயக்கம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபின் உடம்பை விட்டு வெளியேறாமல் தேங்கும் என்பதால் அதுவும் முக்கியம்.

மூச்சைப் பார்ப்பதா, நாடியைப் பார்ப்பதா என்ற இந்தக் கேள்விக்கு நம் நாட்டோடு ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. 1846 அக்டோபர் 16ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுத்து வலியில்லாமல் ஆபரேஷன் செய்யலாம் என்று காட்டினார். அடுத்த வருடமே எடின்பரோவில் சிம்ப்ஸன் குளோரோஃபாரம் கொண்டுவந்தார். குளோரோஃபாரம் கொடுத்த சிலர் மேஜையிலேயே திடீரென்று இறந்தார்கள். இதயம் முதலில் நிற்கிறதா, மூச்சு முதலில் நிற்கிறதா என்று பெரிய சர்ச்சை. 1888லும் 1889லும் ஹைதராபாத்தில் நிஜாம் பணம் கொடுத்து இரண்டு கமிஷன்கள் நடந்தன. ரெசிடென்சி சர்ஜன் எட்வர்ட் லாரி அதை நடத்தினார். இரண்டாவது கமிஷனுக்கு லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற பெரிய டாக்டரே வந்தார். மூச்சுதான் முதலில் நிற்கிறது, ஆகவே மூச்சைக் கவனி என்பது அவர்கள் தீர்ப்பு. 1911ல் லெவி என்பவர் குளோரோஃபாரம் இதயத்தையும் நேராகவே நிறுத்தக்கூடும் என்று நிரூபித்ததால் அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி என்று ஆயிற்று. குளோரோஃபாரமும் போயிற்று. ஆனால் செகந்திராபாத் வழியாகப் போகும்போதெல்லாம், மூச்சை எண்ணு என்ற பாடத்துக்காக அத்தனை பாடுபட்ட ஊர் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றும்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வாங்கிவிட்டோம். அதுவும் நல்ல கருவிதான். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து ரத்தத்தில் பிராணவாயு எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. ஜப்பானில் அவோயாகி என்ற எஞ்சினீயர் 1974ல் கண்டுபிடித்தது. எஞ்சினீயர் என்பதை அழுத்திச் சொல்கிறேன்! ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருக்கும் நோயாளிக்கு மூச்சு 7, 8 என்று இறங்கினாலும் வெகுநேரம் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கரியமிலவாயு ஏறிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. எங்கள் சிக்னலில் ஏதாவது கோளாறு என்றால் தானாகவே சிவப்பு விழும்படி அமைத்திருப்போம். இந்தக் கருவி அப்படி அல்ல. பச்சை காட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இத்தனை மானிட்டர் இருந்தும் நர்ஸ் கடிகாரத்தோடு வந்து நிற்கிறார். நகப்பூச்சு இருந்தால் கணக்குத் தப்பலாம் என்பதால் ஆபரேஷனுக்கு முன் அதை அழிக்கச் சொல்வார்கள்.

மார்ஃபின் அதிகமாகிவிட்டால் முறிக்க நலோக்ஸோன் என்ற மருந்து இருக்கிறது. ரத்தக் குழாயில் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை செய்யும். போனவர் திரும்பி வந்ததுபோல எழுந்து உட்கார்வார். ஆனால் அதன் ஆட்சி அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான். மார்ஃபின் அதற்கு மேலும் இருக்கும். எழுந்துவிட்டாரே என்று நாம் டிபன் வாங்கப் போய்விட்டால், திரும்பி வரும்போது மறுபடி மூச்சு இறங்கியிருக்கலாம். நர்ஸ் அடிக்கடி வருவது அதனால். முதுகுத்தண்டில் போடும் ஊசியிலேயே கொஞ்சம் மார்ஃபின் கலந்திருந்தால் அதன் விளைவு பல மணி நேரம் கழித்துக்கூட வரும். 24 மணி நேரம் கண்காணிப்பு வேண்டும்.

இனி ஆபரேஷனுக்கு முன்னால். வெறும் வயிற்றில் வரச் சொல்வதன் காரணம், மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடாது என்பதுதான். லேசான ஆகாரமும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தவேண்டும். எண்ணெய், நெய் சேர்ந்தது என்றால் இன்னும் முன்பாக. தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை பொதுவாக அனுமதிப்பார்கள். இங்கே நம்மவர்களுக்கு ஒரு பிரத்தியேக ஆபத்து உண்டு. காபி. ‘ஒண்ணும் சாப்பிடலே சிஸ்டர், ஒரு வாய் காபி மட்டும்’ என்பார்கள். நம் காபியில் பால்தான் அதிகம். அது ஆகாரக் கணக்கில்தான் வரும். ஆபரேஷன் தள்ளிப்போகும், அல்லது சொல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகும். பல்செட், மூக்குத்தி, ஆடும் பல், சாப்பிடும் மாத்திரைகள், ஊரிலிருந்து வாங்கிவந்த லேகியம், சூரணம் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும்.

முதுகு ஊசி போட்டபின் கால் மரத்துக் கிடக்கும். அப்போது ரத்த அழுத்தம் இறங்கலாம், தலை சுற்றும். கால் திரும்ப வந்துவிட்டது என்று நோயாளி சொன்னாலும் முதல் முறை எழுந்து நிற்கும்போது நர்ஸ் இருக்கவேண்டும். மரத்த காலில் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். குதிகால், பிட்டம் இவற்றில் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். சில மணி நேரத்தில் சிறுநீர் போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும் தலைவலி, படுத்தால் நின்றுவிடுகிறது என்றால் அது முதுகு ஊசியால் வந்ததாக இருக்கலாம். சாதாரணத் தலைவலி மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முழு மயக்கம் தெளிந்தவர் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டவும் கூடாது, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவும் கூடாது.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். வலியை அளக்க இன்றுவரை மீட்டர் கிடையாது. நோயாளி எவ்வளவு என்கிறாரோ அவ்வளவுதான் வலி என்று எடுத்துக்கொண்டு மருந்து கொடுப்பதுதான் நர்ஸுகளுக்குக் கற்பிக்கப்படும் பாடம். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது. எவ்வளவு என்று கேட்பார்கள். நம் ஊரில் இருந்தால் இது எளிது. வெளியூரில் வாழும் நமக்கு? என் மாமியாருக்குக் கோவில்பட்டித் தமிழ் தவிர வேறு தெரியாது. முதல் நாள் இரவு குஜராத்தி நர்ஸ் வந்து ‘துகே சே?’ என்று கேட்டது. வலிக்கிறதா என்று அர்த்தம். நம் துக்கமும் அவர்கள் ‘துக்’கும் ஒரே சொல்தான், நமக்கு அது மனதில் வருவது, அவர்களுக்கு முழங்காலிலும் வரும். மாமியார் துக்கமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, ‘எனக்கென்னம்மா துக்கம், பேரன் பேத்தி எடுத்தாச்சு’ என்று தலையை ஆட்டிவிட்டார். அந்தப் பெண் ‘வலி இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. அந்த நர்ஸைக் குறை சொல்ல எதுவுமில்லை.

அதிகாலையில் டூட்டிக்கு வந்தது பாலக்காட்டுப் பெண். தமிழ் நன்றாகப் பேசியது. நம் நாட்டில் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரு மலையாளி நர்ஸ் இருப்பார் என்பது வெளியூர்த் தமிழனுக்கு ஆண்டவன் கொடுத்த வசதி. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் மாமியாருக்குப் புரியவில்லை. உடனே அந்தப் பெண், ‘பாட்டி, முழு வலி ஒரு ரூபாய்னா உங்களுக்கு எத்தனை?’ என்றது. மாமியார் பழைய கணக்கில், ‘பன்னெண்டணா’ என்றார். அந்தப் பெண்ணுக்கு அணா தெரியாது. ரூபாய்க்குப் பதினாறு அணா, பன்னிரண்டு என்றால் முக்கால் ரூபாய் என்று நான் சொன்னேன். ஏழரை என்று எழுதி, டாக்டரிடம் கேட்டு மருந்தை மாற்றினார்கள். மருந்து கொடுத்து அரை மணி கழித்து மறுபடி வந்து கேட்டது. ‘நாலணா’ என்று பதில். இந்த இரண்டாவது கேள்வி முதல் கேள்வி அளவுக்கே முக்கியம். நாங்கள் லீவரை இழுத்தால் மட்டும் போதாது, சிக்னல் உண்மையில் இறங்கிற்றா என்று ரிப்பீட்டரில் பார்ப்போம்.

வலியின் அளவு மட்டுமல்ல, தினுசும் தெரியவேண்டும். தமிழில் எத்தனை சொற்கள் பாருங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, விண்விண் என்று தெறிப்பது, சுளீர் என்று வெட்டுவது, மதமதப்பு. இவற்றை எல்லாம் ‘தர்த்’ என்று ஒரே வார்த்தையில் இந்தியில் சொல்லிவிட்டால் டாக்டருக்கு நஷ்டம். எரிச்சலும் மின்சாரம் பாய்வதுபோன்ற வெட்டலும் நரம்பு சம்பந்தமானவையாக இருக்கக்கூடும். அதற்கு மார்ஃபினைவிட வேறு மருந்துகள் உண்டு. ஆகவே எரிச்சல் என்றால் ‘ஜலன்’, குத்தல் என்றால் ‘சுபன்’, மரத்துப்போனால் ‘சுன்ன்’ என்று நாலைந்து சொற்களையாவது ஒரு சீட்டில் எழுதிக் கட்டிலில் ஒட்டி வையுங்கள். நாங்கள் ஒட்டினோம். பேச முடியாதவர்களுக்கு நெற்றிச் சுருக்கம், பல்லைக் கடிப்பது, புரட்டும்போது கையைத் தட்டிவிடுவது இவையே பாஷை.

வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் சில நாள் புத்தி தடுமாறுவதும் உண்டு. இரண்டாம் நாள் இரவு மாமியார் கோவில்பட்டி வீட்டுத் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லிச் சத்தம் போட்டார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று என் மனைவி அழுதாள். அதற்குப் பைத்தியம் என்று பெயரில்லை. மருந்து, தூக்கமின்மை, தொற்று, அடங்காத வலி எல்லாம் காரணமாகலாம், பெரும்பாலும் தெளிந்துவிடும். கண்ணாடியையும் காது மிஷினையும் போட்டுவிடுவது, பகலில் வெளிச்சம், இரவில் அமைதி, பக்கத்தில் தாய்மொழியில் பேச ஒருவர். இவைதான் முதல் சிகிச்சை என்றார்கள். வீட்டு ஆள் பக்கத்தில் இருப்பது இங்கே மருந்துக்குச் சமம்.

அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஓர் இளைஞர், விபத்தில் கால் நொறுங்கியவர். அவர் கையில் ஒரு பொத்தான் இருந்தது. வலித்தால் தானே அழுத்திக்கொள்ளலாம். பம்ப் ஒரு சிறு அளவு மருந்தை ரத்தத்தில் செலுத்தும். அழுத்தியபின் டாக்டர் வைத்த நேரம் முடியும்வரை எத்தனை முறை அழுத்தினாலும் கொடுக்காது. எனக்கு அது நம் இன்டர்லாக்கிங் போலவே தெரிந்து சந்தோஷமாக இருந்தது. ஆனால் உண்மையான பாதுகாப்பு அந்தப் பூட்டில் இல்லை. மயக்கம் அதிகமானால் நோயாளி தூங்கிவிடுவார். தூங்குகிறவர் பொத்தானை அழுத்த மாட்டார். அதுதான் பூட்டு. அவருடைய தம்பி, அண்ணன் தூக்கத்தில் முனகுகிறாரே என்ற பாசத்தில் தானே அழுத்தப் போனார். நர்ஸ் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நோயாளியைத் தவிர வேறு யாரும், தாயாக இருந்தாலும், அதைத் தொடக்கூடாது.

அத்தானின் கதை வேறு. அங்கே பிரச்சினை மருந்து அதிகமானதில் இல்லை, கிடைக்காததில் இருந்தது. கணையத்து வலி முதுகுக்குள் துளைத்துக்கொண்டு போகும். முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் சாதாரண மாத்திரையும் எப்போதாவது ஓர் ஊசியும்தான். மார்ஃபின் தங்களிடம் கிடையாது என்றார்கள். கசகசா விளையும் வயல்களுக்கு ஓர் இரவு ரயில் பயண தூரத்தில் மார்ஃபின் கிடையாது! இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1985ல் வந்த போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு வேறு விதி, பல லைசென்ஸ்கள், சிறு எழுத்துப் பிழைக்கும் தண்டனை பயம். பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 1986லேயே புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபினை நேரப்படி கொடுக்கச் சொல்லியும் இங்கே நிலைமை இப்படி. 1993ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் சேர்ந்து வலி நிவாரணத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கேரளா அதன்பின் இந்த விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டியாயிற்று. 2014ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ஃபின் உள்ளிட்ட 6 மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று அறிவித்து, பயிற்சி பெற்ற டாக்டர் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையம் ஒரே விதியின் கீழ் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆகவே உங்கள் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி இல்லை என்றால் ‘பாலியேட்டிவ் கேர்’ உள்ள இடம் எது என்று கேட்டு அங்கே போங்கள். டெல்லி நண்பர்களுக்குக் கேன்சப்போர்ட் வீட்டுக்கே வந்து பார்க்கிறது. மும்பையில் பாந்த்ராவில் சாந்தி ஆவேத்னா 1986 முதல் இருக்கிறது.

அங்கீகாரம் உள்ள இடத்தைக் கண்டுபிடித்தபின் அடுத்த தடை அத்தானே. ‘நாற்பது வருஷம் ஒரு சிகரெட் குடிக்காதவன், அபின் தின்று சாகச் சொல்கிறாயா?’ என்றார். ஊரிலிருந்து வந்த உறவினர்களும் அதையே சொன்னார்கள். அமெரிக்காவில் இந்த வகை மாத்திரைகளைக் கண்டபடி எழுதிக்கொடுத்ததில் தொடங்கி 1990களின் இறுதியிலிருந்து பல லட்சம் பேர் மாண்டுபோனார்கள் என்பது உண்மை. அந்தப் பயம் வீண் பயம் அல்ல. ஆனால் புற்றுநோய் வலிக்கு, டாக்டர் கண்காணிப்பில், வாய்வழியாக, நேரத்துக்கு எடுத்துக்கொள்கிறவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம் என்று அந்த நர்ஸ் பொறுமையாக எடுத்துச் சொன்னார். உடம்பு மருந்துக்குப் பழகிவிடும். ஆகவே திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். பழகுவது வேறு, அடிமையாவது வேறு. வலி வந்தபின் கொடுப்பது வண்டி தடம் புரண்டபின் கொடி காட்டுவது மாதிரி. வலி வருவதற்கு முன்னாலேயே மணி பார்த்துக் கொடுக்கவேண்டும். சாதாரண மாத்திரை என்றால் 4 மணிக்கு ஒருமுறை. 12 மணி நேர மாத்திரை என்றால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பொடித்தால் 12 மணி நேர மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். மூன்றாம் நாள் அத்தான் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டார். அக்கா அடுப்படியில் போய் அழுதுவிட்டு வந்து பரிமாறினாள்.

மார்ஃபினால் வரும் குமட்டல் சில நாளில் போய்விடும். அரிப்பும் வரலாம். மலச்சிக்கல் மட்டும் கடைசிவரை போகாது. அதனால் மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்குவார்கள். அது ஏதோ கூடுதல் மாத்திரை என்று நாமாக நிறுத்தக்கூடாது. நம் குஜராத்தில் ஊஞ்சாவிலிருந்து வரும் இசப்கோல் எல்லார் வீட்டிலும் இருக்கும். ஆனால் இதற்கு அது சரிப்படாது. குடலின் அசைவே குறைந்திருக்கும்போது, தண்ணீர் அதிகம் குடிக்க முடியாத நோயாளிக்கு, உமி உள்ளே ஊறி அடைத்துக்கொள்ளும். குடலை அசைக்கும் மாத்திரைதான் வேண்டும்.

கடைசி மாதங்களில் விழுங்க முடியாமல் போனபோது ஃபென்டனில் பட்டை ஒட்டினார்கள். 3 நாளைக்கு ஒருமுறை மாற்றவேண்டும். ஒட்டியவுடன் வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய 12 மணிக்கு மேலாகும். எந்தத் தேதி, எந்த மணி என்று அதன்மேலேயே எழுதிவைப்பார்கள். ஒட்டிய இடத்தில் சூடு படக்கூடாது. வெந்நீர் ஒத்தடம், ஹீட்டர், கடும் ஜுரம் எதுவானாலும் மருந்து வேகமாக உள்ளே போய்விடும். கழற்றிய பட்டையிலும் மருந்து மீதம் இருக்கும். குழந்தை எடுத்து ஒட்டிக்கொண்டால் உயிர் போய்விடும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, நர்ஸ் சொன்னபடி எடுத்துவைத்துத் திருப்பிக் கொடுத்தோம்.

மாத்திரைகளைக் கணக்குவைத்துப் பூட்டிவைக்கும்படி ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், இரட்டைப் பூட்டு அலமாரி, தனி ரிஜிஸ்டர், ஓர் ஆம்பூலில் பாதி மீந்தால் இன்னொருவர் சாட்சியாக நிற்க அதைக் கொட்டிக் கையெழுத்துப் போடவேண்டும். ஒற்றை லைனில் டோக்கன் இல்லாமல் வண்டி விடாத எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அக்கா ஒரு பழைய டைரியில் வேளாவேளைக்கு நேரமும் எண்ணிக்கையும் எழுதி வந்தாள். அத்தான் வலியில்லாமல் போய்ச் சேர்ந்தபின், பன்னிரண்டாம் நாள், அந்த டைரியையும் மீதி 22 மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு நானும் அவளும் அந்த நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் இரண்டு முறை எண்ணி, ரிஜிஸ்டரில் எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.